ஏழாம் வாசல் காவலனைப் பற்றி நான் கொடுத்த விளக்கம்

அதிகம் பேசாதவர்களுக்கு ஒரு ஆபத்து உண்டு. அவர்கள் எப்போதாவது வாயைத் திறந்தால் ஊர் நம்பிவிடும். நாள் முழுக்கக் கதைக்கிற ஒருவன் "நாளைக்கு மழை" என்றால் ஒருவரும் குடை எடுக்கமாட்டார்கள். அதையே நான் சொன்னால் விறகை அள்ளி வீட்டுக்குள் அடுக்கத் தொடங்கிவிடுவார்கள். விசயம் இல்லாமல் இவன் வாய் திறக்கமாட்டான் என்பது அவர்களுடைய எண்ணம். உண்மையில் நான் வாய் திறக்காததற்குக் காரணம் கூச்சம். விசயமும் இல்லை என்பது இரண்டாவது காரணம்.

என் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை, முப்பது வயதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த நாளில், நான் உறுதியாக ஒரு கருத்துச் சொன்னேன். அதனால் ஒரு கலியாணம் குழம்பியது. இன்னொரு கலியாணம் நடந்தது. இரண்டாவதில் மாப்பிள்ளை நான்தான். (முதலாவது நடந்திருந்தால் இப்போது கனடாவில் இருந்திருப்பேன் என்று என் மனைவி சொல்லுவாள். அடுப்பு எரியாத நாட்களில் கொஞ்சம் உரத்துச் சொல்லுவாள்.)

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் ஒரு சுருட்டுக் கொட்டிலில் வேலை செய்தேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் இருந்த தொடர்பு முடிந்துவிட்டது. அன்றிலிருந்து கொட்டில்தான். சுருட்டுச் சுற்றுகிறவனுக்குக் கையும் கண்ணும்தான் வேலையில் இருக்கும், காது சும்மா இருக்கும். அந்தக் காதுகளுக்கு வேலை கொடுக்கவென்றே கொட்டில்களில் ஒருவர் உட்கார்ந்து உரத்து வாசிப்பார். எங்கள் கொட்டிலில் அது நடராசா அண்ணை. பத்தாம் வகுப்புப் படித்தவர். வெண்கலக் குரல். ஒரு மரண அறிவித்தலை வாசித்தாலும் அடுத்தது என்ன என்று கேட்கத் தோன்றும்.

அவர் வாசித்தவற்றில் எங்களைப் பிடித்து ஆட்டியது எழுவாசல் நாட்டுக் கதைகள். கடலுக்கு அப்பாலிருந்து வந்த ஒரு சஞ்சிகையில் வெளியானவை. கடல் நடுவே ஒரு நாடு, அதற்கு ஏழு வாசல்கள், சூனியக்காரி, பூதம், பறக்கும் ஆமை. அதை ஒரு ஆள் எழுதவில்லை. நாலைந்து பேர் ஒரே நாட்டை வைத்து மாறி மாறி எழுதினார்கள். எங்கள் பக்கம் போர் தொடங்கியபின் சஞ்சிகை வருவது நின்றது. ஆனால் அதே நாட்டுக் கதைகள் ஞாயிறு பின்னேரங்களில் வானொலியில் நாடகமாகத் தொடர்ந்தன. அங்கும் எழுதுகிறவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஒருவர் எழுதும் வாரத்தில் மகாராணிக்குச் சகோதரமே இருக்காது. அடுத்தவரின் வாரத்தில் தங்கை ஒருத்தி வந்து நின்று அழுவாள்.

இந்த ஓட்டைகளை அடைப்பதுதான் எங்கள் கொட்டிலின் இரண்டாவது தொழில். கதை தொடங்குவதற்கு முன்னம் அந்த நாட்டில் என்ன நடந்திருக்கும் என்பதைக் கதையில் எங்கும் சொல்லவில்லை. அதை நாங்கள் சொன்னோம். அதற்கு 'விளக்கம்' என்று பெயர். மகாராணி ஏன் ஒரு நாளும் தண்ணீர் குடிப்பதில்லை? அவள் போன பிறப்பில் மீன், இப்போது தண்ணீரைத் தொட்டால் பழைய ஞாபகம் வந்துவிடும் என்பது நடராசா அண்ணையின் விளக்கம். ஆறு வாசல் பூட்டுக்கும் திறப்பு இருக்க ஏழாம் வாசல் பூட்டுக்கு மட்டும் ஏன் இல்லை? "துலைச்சிருப்பாங்கள். எங்கடை வீட்டிலையும் இல்லை" என்பது முதலாளியின் விளக்கம். இவற்றுக்காகச் சுருட்டை வீசி எறிந்து சண்டை பிடித்தவர்கள் இருக்கிறார்கள். வெளியிலும் எவ்வளவோ நடந்துகொண்டிருந்தது. அதற்கு விளக்கம் தேட ஒருவருக்கும் துணிவில்லை.

எல்லாவற்றிலும் பெரிய கேள்வி ஏழாம் வாசல் காவலன் யார் என்பது. தலையிலிருந்து கால்வரை கம்பளி போர்த்தவன். முகத்தை ஒருவரும் கண்டதில்லை. குரல் மட்டும் பாழ்கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலக் கேட்கும். அவன் ராசாவின் தமையன், முடியைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு வாசலில் நிற்கிறான் என்று நடராசா அண்ணை சொல்லி, கொட்டில் முழுவதும் ஏற்றுக்கொண்டிருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை என்று சொல்லத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்கமாட்டேன்.

தொண்ணூற்று நாலாம் ஆண்டு. மின்சாரம் போய்ப் பல வருடங்கள். பற்றரியைக் கண்ணால் காண முடியாது. ஆனாலும் யாழ்ப்பாணத்தில் வானொலி கேட்டது, சைக்கிளால். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றினால் டைனமோவில் மின்சாரம் வரும். அதை வயர் வழியாக முதலாளியின் பெட்டிக்குக் கொடுப்போம். வானொலியும் கசற்றும் சேர்ந்த பெட்டி அது. சுற்றுகிற வேலை என்னுடையது. மற்றவர்கள் சுற்றினால் கதைக்கத் தொடங்கி, கதையின் சூட்டில் கையை விட்டுவிடுவார்கள். என்னிடம் அந்தப் பயம் இல்லை. மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நிற்கப் போனவர்களும் வர முடியாதவர்களும் பிறகு கேட்பதற்காக நாடகத்தைக் கசற்றில் பதிவு செய்வோம். ஒரே ஒரு கசற். அதில் முன்பு முதலாளி மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டுப் பாட்டுகள் இருந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாடகம் பாதி ஓடிக்கொண்டிருக்கும்போது விமானம் வந்தது. குண்டு போடுகிற வகை. கொட்டில் ஒரு நொடியில் வெறுமையானது. எல்லோரும் வளவு மூலையில் இருந்த பங்கருக்குள் பாய்ந்துவிட்டார்கள். நான் மட்டும் சைக்கிளோடு நின்றேன். வீரம் என்று நினைக்கவேண்டாம். "குணம், வாடா!" என்று நடராசா அண்ணை கத்தியது கேட்டது. கால் வரவில்லை. கண் கூரையையும் தாண்டி மேலே போய்விட்டது. கை தன்பாட்டில் பெடலைச் சுற்றிக்கொண்டிருந்தது. பெட்டியில் யாரோ என்னவோ பேசினார்கள். என் காதில் விமானம்தான் இருந்தது. எப்போது கையை விட்டேன், எப்படிப் பங்கருக்குள் விழுந்தேன் என்பது இன்றைக்கும் நினைவில் இல்லை. விழுந்தது முதலாளியின் மடியில் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

விமானம் எங்கேயோ தூரத்தில் போட்டுவிட்டுப் போனது. (தூரத்தில் என்றால் அங்கேயும் ஆட்கள் இருந்தார்கள். அன்றைக்கு நாங்கள் அதை நினைக்கவில்லை.) தூசியைத் தட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தோம்.

"எவ்வளவு பதிஞ்சது?" என்றார் முதலாளி.

கசற்றுக்குள் பேனையைக் கொழுவிப் பின்னுக்குச் சுற்றி, பெட்டியில் போட்டு, நான் மறுபடி பெடலைப் பிடித்தேன். நாடகம் ஓடியது. ஏழாம் வாசல். கடல் அலை. சூனியக்காரி காவலனைப் பார்த்து, "இந்தக் கடலைக் கடக்க உனக்கு வழி தெரியுமா?" என்று கேட்டாள். காவலன் பதில் சொன்னான்.

"இந்தக் கடலை எனக்குத் தெரியும்."

பாழ்கிணற்றுக் குரல் இல்லை. ஒரு இளைஞனின் குரல். மெல்லிசாக, துடிப்பாக, மீசை அரும்புகிற வயதுக் குரல்.

நான் கையை விட்டுவிட்டேன். பெட்டி நின்றது.

"திருப்பிப் போடு" என்றார் நடராசா அண்ணை. போட்டேன். அதே குரல். மறுபடியும் போட்டேன். அதே குரல்.

அப்போதுதான் அது நடந்தது. நான் வாய் திறந்தேன்.

"அது நீலமாறன்" என்றேன்.

நீலமாறன் என்பவன் எழுவாசல் நாட்டு இளவரசன். முதல் கதையிலேயே வள்ளம் கவிழ்ந்து கடலில் விழுந்தவன். உடல் கிடைக்கவில்லை. அதன்பிறகு ஒருவரும் அவனைப் பற்றிப் பேசவில்லை. எழுதியவர்கள் மறந்துவிட்டார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

"அவன் சாகேல்லை" என்றேன். "கரைக்கு வந்திட்டான். முகம் காட்ட ஏலாமல் கம்பளியைப் போர்த்துக்கொண்டு நிக்கிறான். குரலை மாத்தித்தான் இவ்வளவு நாளும் கதைச்சவன். கடலைப் பற்றிக் கேட்டவுடனே மறந்துபோய்ச் சொந்தக் குரல் வந்திட்டுது."

வாழ்க்கையில் நான் அதற்குமுன் ஒரே மூச்சில் அவ்வளவு கதைத்ததில்லை. நடராசா அண்ணை என்னைப் பார்த்தார். அவருடைய ராசாவின் தமையன் கண்முன்னால் செத்துக்கொண்டிருந்தான்.

"அதுக்குப் பிறகு என்ன பதிஞ்சிருக்கு?" என்று கேட்டார்.

"ஒண்டுமில்லை. அதோடை நான் விட்டிட்டு ஓடிவந்திட்டன்" என்றேன். அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். நின்று நடுங்கினேன் என்று சொல்ல வெட்கம். அன்றிலிருந்து ஒரு வாரமாக அந்தக் கசற்றை எத்தனையோ பேர் வந்து கேட்டார்கள். ஒவ்வொரு முறையும் அந்த வசனத்தோடு நிறுத்தினோம். சும்மா சுற்றிக் கையை நோகடிப்பானேன்?

புகழ் என்பது எப்படி இருக்கும் என்று அந்த வாரம் தெரிந்தது. வீதியில் சைக்கிளில் போனவர்கள் ஒரு காலை ஊன்றி நின்று, "குணமண்ணை, மகாராணிக்கு இது தெரியுமோ?" என்று கேட்டார்கள். "தெரியும். அதுதான் தண்ணி குடிக்கிறேல்லை. பிள்ளையை விழுங்கின தண்ணி" என்றேன். அது எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. கேட்டவன் கண் கலங்கிப் போனான். நான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நடந்தேன்.

கொட்டிலுக்குப் பக்கத்து வளவில் மகேசக்கா இருந்தார். விதவை. எங்களுக்குப் பின்னேரத் தேத்தண்ணி அவர் வீட்டிலிருந்துதான். சீனி இல்லாத காலம், ஒரு துண்டு பனங்கட்டியோடு கொண்டுவருவார். பின்னால் மகள் தேவி கேத்திலோடு வருவாள். தேவிக்கு ஒரு தமையன், பெயர் நேசன். இரண்டு வருடங்களுக்கு முன்னர், வெளிநாடு போகவென்று கொழும்புக்குப் புறப்பட்டு, தரைப்பாதை அடைபட்டிருந்ததால் கிளாலியில் வள்ளம் ஏறினான். அந்த வள்ளம் அக்கரைக்குப் போய்ச் சேரவில்லை. கடலில் சூடு நடந்தது என்றார்கள். சிலருடைய உடல்கள் வந்தன. நேசன் வரவில்லை. எழுவாசல் நாட்டுக் கதையை மகேசக்கா எங்களோடு இருந்து கேட்டதில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் முற்றம் கூட்டுகிற தும்புத்தடியைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்பார் என்பது எங்களுக்குத் தெரியும்.

அந்த நாட்களில்தான் நேசனின் பெரியப்பா வட்டுக்கோட்டையிலிருந்து ஒரு சம்பந்தம் கொண்டுவந்திருந்தார். மாப்பிள்ளை கனடா. மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒரே ஒரு தடை. தமையன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாத வீட்டில் எப்படிக் கலியாணம் செய்வது? இல்லை என்றால் இல்லை என்று முடிக்கவேண்டும். ஆகவே பெரியப்பா நாள் பார்த்துவிட்டார். உடல் இல்லாதவனுக்குத் தர்ப்பையில் ஒரு உருவம் செய்து, அதை எரித்து, அந்தியேட்டிக் கிரியையும் செய்து முடிப்பது. அதன்பின் கலியாணம். மகேசக்கா ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஐயருக்குச் சொல்லியாகிவிட்டது.

அந்த வாரம் ஒரு பின்னேரம் தேத்தண்ணியை வைத்துவிட்டு மகேசக்கா போகாமல் நின்றார்.

"தம்பி குணம். உவங்கள் எல்லாம் சொல்லுறாங்கள், நீர் ஏதோ கண்டுபிடிச்சனீராம்."

நான் புகையிலையைப் பார்த்தேன்.

"அந்தக் கடலிலை விழுந்த பிள்ளை... உயிரோடையோ?"

அவர் எதைக் கேட்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை என்று சொல்லமாட்டேன். விளங்கியது. கொட்டிலில் எல்லோருக்கும் விளங்கியது. ஒருவரும் சுருட்டுச் சுற்றவில்லை. 'அது வெறும் கதையக்கா' என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பின்னால் கேத்திலோடு தேவி நின்றாள். அதுவரைக்கும் என்னைக் கொட்டிலின் ஒரு தூணாக நினைத்துக் கடந்து போனவள், அன்றைக்கு நேராக என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஓம் அக்கா" என்றேன். "நிச்சயமா."

அடுத்த நாள் காலையில் மகேசக்கா வட்டுக்கோட்டைக்கு ஆள் அனுப்பினார். அந்தியேட்டி வேண்டாம். ஏன் என்று கேட்டதற்கு, "கொட்டிலிலை குணம் தம்பி சொன்னவர்" என்றாராம்.

பெரியப்பா மறுநாளே வந்தார். மாப்பிள்ளையின் மாமாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். சைக்கிளைச் சுவரில் சாத்தாமல் நிலத்தில் போட்டுவிட்டு நேரே கொட்டிலுக்குள் வந்து, "ஆரடா இஞ்சை குணம்?" என்றார்.

எல்லோருடைய விரலும் என்னைக் காட்டியது. (இவ்வளவு ஒற்றுமையை எங்கள் கொட்டிலில் நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை.)

"நீ சாத்திரியோ?"

"இல்லை ஐயா."

"ஏதும் இயக்கத்தாலை அறிஞ்சனியோ? செஞ்சிலுவைக்காரர் சொன்னவையோ?"

"இல்லை ஐயா. காவலன்ரை குரல் மாறினது ஐயா."

"எந்தக் காவலன்?"

நடராசா அண்ணை குறுக்கே வந்து, தன் வெண்கலக் குரலில், எழுவாசல் நாட்டின் வரலாற்றை முதலிலிருந்து சொன்னார். பறக்கும் ஆமைவரை வந்ததும் பெரியப்பா கையை உயர்த்தினார்.

"ஆமை பறக்கிற கதையைக் கேட்டோ என்ரை தம்பியின்ரை பெண்சாதி கருமத்தை நிப்பாட்டினவ? எங்கை, எடு பாப்பம் அந்தப் பெட்டியை. எல்லாரும் கேக்கட்டும். மகேசையும் கூப்பிடு. அந்தக் குரலிலை அப்பிடி என்ன கிடக்கெண்டு நான் கேக்கவேணும்."

மகேசக்கா வந்தார். தேவியும் வந்தாள். வேலிக்கு மேலே தலைகள் முளைத்தன. மாப்பிள்ளையின் மாமாவுக்கு ஒரு கதிரை வந்தது. நான் சைக்கிளைக் கவிழ்த்தேன். உண்மையைச் சொல்லவேண்டும், உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது. இவ்வளவு சனம், என் விளக்கத்தைக் கேட்க. இன்றைக்குச் சுற்றுகிற சுற்றில் அந்தக் குரல் கணீரென்று வரவேண்டும் என்று வேட்டியை மடித்துக் கட்டினேன்.

அலை. சூனியக்காரி. "இந்தக் கடலைக் கடக்க உனக்கு வழி தெரியுமா?"

"இந்தக் கடலை எனக்குத் தெரியும்."

மகேசக்கா கண்ணை மூடினார். பெரியப்பாவின் முகத்தில்கூட ஒரு மாற்றம் தெரிந்தது. அந்த இடத்தில் நான் கையை எடுத்திருக்கவேண்டும். எப்போதும் எடுக்கிற இடம். ஆனால் தேவி பார்த்துக்கொண்டிருந்தாள். பெருமையில் நான் இன்னும் வேகமாகச் சுற்றினேன்.

பெட்டி நிற்கவில்லை. அதில் இன்னும் இருந்தது.

முதலில் சூனியக்காரி மறுபடி பேசினாள். கிழவியாக இருந்தவள் பாலர் வகுப்புப் பிள்ளையின் குரலில் பேசினாள். பிறகு இடி. இடி என்றால் யாரோ சிரட்டையைத் தட்டுவது போல. அதன்பிறகு வந்தது மலைவிழுங்கி என்ற பூதம். அந்த நாட்டிலேயே மிகப் பெரிய பூதம் அது. அதன் குரல் வந்தால் சின்னப் பிள்ளைகளை வெளியே அனுப்புவோம்.

"நான் மூச்சு விட்டால் மலை நடுங்கும்!" என்றது மலைவிழுங்கி.

கோழிக்குஞ்சின் குரலில்.

"ஓடுங்கள்! மலைவிழுங்கி வருகிறேன்!" என்றது. ஒவ்வொரு சொல்லுக்கும் குரல் இன்னும் மெல்லிசாகி, இன்னும் வேகமாகி, கடைசியில் நுளம்பு காதுக்குள் புகுந்தது போல 'கீஈஈ' என்று ஒரு சத்தம் வந்து, கசற் அமைதியானது.

யாழ்ப்பாணத்தில் அன்றைக்குச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், கசற் ஓடும்போது கை களைத்தால் குரல் தடிக்கும், இழுபடும். பதிகிறபோது களைத்தால் என்ன நடக்கும் என்று நாங்கள் ஒருவரும் யோசித்ததில்லை. மெதுவாகச் சுற்றிப் பதிந்ததை ஒழுங்கான வேகத்தில் போட்டால் எல்லோரும் பொடியன்களாகிவிடுவார்கள். காவலன், கிழவி, பூதம், இடி, எல்லாம். விமானம் தலைக்கு மேலே நின்ற அந்த நேரத்தில் என் கை எப்படி ஓய்ந்து ஓய்ந்து போனது என்று அந்தப் பெட்டி ஒன்றும் விடாமல் எழுதி வைத்திருந்தது. கடைசியில் வந்த 'கீஈஈ', நான் பெடலை விட்டுவிட்டு ஓட, சில்லு தானாகச் சுழன்று நின்ற இடம்.

முதலில் விளங்கியது நடராசா அண்ணைக்குத்தான். அவர் சுருட்டைக் கீழே வைத்தார்.

"இளவரசன்ரை குரலில்லையடா அது" என்றார். "உன்ரை பயத்தின்ரை சத்தம்."

கொட்டில் வெடித்தது. அப்படி ஒரு சிரிப்பை அந்த வருடங்களில் நான் கேட்டதில்லை. முதலாளி தூணைப் பிடித்துக்கொண்டார். வேலிக்கு மேலே இருந்த தலைகள் கீழே விழுந்து மறுபடி முளைத்தன. மாப்பிள்ளையின் மாமா, "அப்ப அந்தப் பூதமும் உங்கடை இளவரசன்தானோ தம்பி?" என்று கேட்டுவிட்டுக் கதிரையோடு சரிந்தார். "திருப்பிப் போடு, திருப்பிப் போடு" என்று பெரியப்பா கண்ணைத் துடைத்தபடி கேட்டார். கோபித்துக்கொண்டு வந்த மனிதர்.

மகேசக்காவும் சிரித்தார். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகும் அவருடைய தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. அது எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று பக்கத்தில் நின்ற எனக்கே தெரியவில்லை. நான் சைக்கிளுக்குப் பின்னால் குந்தியிருந்தேன். சில்லின் கம்பிகளுக்கூடாகத்தான் அவரைப் பார்த்தேன். சில்லு இன்னும் கொஞ்சம் பெரிதாக இருந்திருக்கலாம் என்று நினைத்தேன்.

பெரியப்பா இப்போது தணிந்த குரலில், "சரி மகேசு. பகிடி முடிஞ்சுது. விளங்கிச்சுதுதானே? இனி ஐயரிட்டைச் சொல்லுறன்" என்றார்.

"வேண்டாம் அத்தான்" என்றார் மகேசக்கா.

"இன்னும் உந்தப் பெட்டியையோ நம்பிறாய்?"

"உந்தப் பெட்டியைக் கேட்டோ நான் என்ரை பிள்ளையைப் பெத்தனான்?" முகத்தைத் துடைத்தார். "எனக்கு ஒரு சாட்டு வேணுமாயிருந்தது. நானாச் சொன்னால் விசர் எண்டுவியள். இந்தத் தம்பி சொன்னதெண்டால் கொஞ்ச நாளைக்கெண்டாலும் விடுவியள் எண்டு நினைச்சன். இப்ப சாட்டும் போட்டுது. நானே சொல்லுறன். புல்லிலை பொம்மை செய்து என்ரை பிள்ளையெண்டு நான் எரிக்கமாட்டன்."

"அப்ப இவளின்ரை கலியாணம்?"

மகேசக்கா தேவியைப் பார்த்தார். எல்லோரும் தேவியைப் பார்த்தோம். கனடா அவள் கையில் கேத்திலைப் போலத் தொங்கிக்கொண்டிருந்தது.

"அம்மா சொல்லுறதுதான் பெரியப்பா" என்றாள். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு வாய் சும்மா இருக்கேலாதோ?" என்றாள். ஊரிலேயே என்னைப் பார்த்து அப்படிக் கேட்ட ஒரே ஆள் அவள்தான்.

மாப்பிள்ளையின் மாமா எழுந்து, கதிரைக்கு நன்றி சொல்லிவிட்டு, சைக்கிளில் ஏறினார். பெரியப்பா நாலு வருடங்கள் அந்தப் படி மிதிக்கவில்லை.

கொட்டிலில் அதன்பிறகு எனக்குப் பெயர் மலைவிழுங்கி. பெண்கள் வரிசையில் நின்றால்கூட என்னைக் கண்டதும் 'கீஈ' என்று ஒரு சத்தம் எங்கிருந்தோ வரும். காவலன் மறுபடியும் ராசாவின் தமையனானான். வெட்கத்தில் ஒரு மாதம் நான் தேத்தண்ணி நேரத்தில் கொட்டிலின் பின்பக்கம் போய் நின்றேன். ஒருநாள் மகேசக்கா அங்கேயே தேத்தண்ணியைக் கொண்டுவந்து தந்தார்.

"குடியும் தம்பி. நீர் சொன்ன அந்த ஒரு கிழமை நான் நல்லா நித்திரை கொண்டனான்" என்றார்.

நான் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று அதற்குள் படித்திருந்தேன்.

தொண்ணூற்றைந்தில் ஊரே இடம்பெயர்ந்தது. கொட்டும் மழையில், சனத்துக்குள் சனமாக, தென்மராட்சிப் பக்கம் நடந்தோம். முதலாளியின் பெட்டி எங்கே விழுந்தது தெரியாது. எழுவாசல் நாடு எப்படி முடிந்தது, முடிந்ததா, அந்தக் கம்பளிக்குள் இருந்தவன் யார் என்பது எங்கள் ஒருவருக்கும் தெரியாமலே போனது. அந்த நடையில் மகேசக்காவின் மூட்டையை என் சைக்கிளில் ஏற்றி உருட்டிக்கொண்டு போனேன். தேவி மற்றப் பக்கம் பிடித்துக்கொண்டு வந்தாள். விடிய விடிய நடந்தோம், நான் ஒரு சொல்லும் பேசவில்லை. அதனால்தான் என்னைக் கட்டச் சம்மதித்ததாகப் பிறகு சொன்னாள். கலியாணம் ஒரு கோயில் மண்டபத்தில், அகதிகளுக்கு நடுவே நடந்தது. நடராசா அண்ணை வாழ்த்து வாசித்தார். கேட்டவர்களுக்கு அடுத்தது என்ன என்று கேட்கத் தோன்றியது.

என் பிள்ளைகளுக்கு இந்தக் கதை ஒரு தாலாட்டு மாதிரி. தாய் சொல்லிக் கொடுத்தது. நான் எதையாவது உறுதியாகச் சொல்ல வாயெடுத்தால் (மழை வரும், பஸ் இன்றைக்கு ஓடாது, சின்னவனுக்குக் காய்ச்சல் இல்லை), மூத்தவள், "அப்பா விளக்கம் சொல்லப் போறார், சைக்கிளைக் கவிட்டு வையுங்கோ" என்பாள். எனக்கு மாமியாகிவிட்ட மகேசக்காவும் அதற்குச் சிரிப்பார். சிரித்துவிட்டு முற்றத்துக்குப் போய்ப் படலையை ஒருமுறை பார்த்துவிட்டு வருவார். அந்த வீட்டில் படலைக்கு ஒருநாளும் பூட்டுப் போட்டதில்லை. நேசனுக்கு மாலை போட்ட படமும் இல்லை.

மாமி போனது ஒரு பங்குனி மாதம். முற்றத்தில் பந்தல் போட்டு, பறை அடித்து, எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. கிரியை செய்ய வந்த குருக்கள் புதியவர், எங்கள் ஊர்க்கதை தெரியாதவர். தர்ப்பையைக் கையில் எடுத்தபடி, "கொள்ளி வைக்கிறது ஆர்? மகன் இருக்கிறாரோ?" என்று கேட்டார்.

சுவரோரம் இருந்த கிழவிகள் நிலத்தைப் பார்த்தார்கள்.

"இருக்கிறார் ஐயா" என்றாள் தேவி. "வரப் பிந்துது. மருமகன் வைப்பார்."

குருக்கள் சந்தேகத்தோடு என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். தேவி அழுதழுது வீங்கிய முகத்தோடு என் காதுக்குக் கிட்ட வந்தாள்.

"நீங்கள் விளக்கம் சொல்லப் போகாதேங்கோ" என்றாள்.

மூத்தவள் அதைக் கேட்டுவிட்டாள். பாட்டியின் காலடியில் உட்கார்ந்திருந்தவள், சீலையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குனிந்தாள். கிழவிகள் பிள்ளை அழுகிறாள் என்று நினைத்து முதுகைத் தடவினார்கள். நான் வாயை மூடிக்கொண்டு தர்ப்பையை வாங்கினேன்.